காற்றில் தூள் ஓட்டும் லைன்: 18 மாதம் ஓட்டிப் பார்த்தபின்

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இயந்திரத்துக்கு ஐந்துக்கு நாலு. பொருத்திக் கொடுத்த விதத்துக்கு இரண்டு. சர்வீசுக்கு ஒன்றும் போடலாம், ஐந்தும் போடலாம். அன்று யார் வருகிறார் என்பதைப் பொறுத்தது.

சப்ளையரின் பெயரைப் போடவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. அதுவும் போக, நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி யாரிடம் வாங்கியிருந்தாலும் வந்திருக்கக்கூடியவை. கேட்காமல் விட்டதில் எங்கள் பங்கும் உண்டு.

எங்களுடையது பசைத்தூள் ஆலை. நான் பராமரிப்புப் பிரிவில் 19 வருடம். உள்ளே வரும் சரக்கில் இரண்டுதான் பெரும்பங்கு: ஸ்டார்ச், அப்புறம் மாவாக அரைத்த குவார்ட்ஸ். ஸ்டார்ச் தீயைப் பிடிக்கும். குவார்ட்ஸ் தீயைப் பிடிக்காது, நுரையீரலைப் பிடிக்கும். இரண்டையும் முன்பு ஸ்க்ரூ கன்வேயரும் பக்கெட் எலிவேட்டரும்தான் மேலே கொண்டுபோயின. பக்கெட்டின் போல்ட் கழன்று எலிவேட்டரின் அடிப்பெட்டிக்குள் விழுவது, எலிவேட்டர் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கி உறையில் உரசுவது, ஸ்க்ரூவின் தொங்கு பேரிங்கில் தூள் புகுந்து சூடாவது எல்லாம் எங்களுக்கு வாராந்தர வேலை. தூசி மேலே உள்ள இரும்பு உத்திரங்களில் படியும். விரலால் இழுத்தால் கோடு விழும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.யின் தூசி வெடிப்புத் தரநிலைகளில் 0.8 மி.மீ. படிவையே எச்சரிக்கை எல்லையாகச் சொல்லியிருந்தார்கள். அது ஒரு பேப்பர் கிளிப் கம்பியின் தடிமன். எங்கள் உத்திரத்தில் அதைவிட அதிகம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நிர்வாகம் பணம் ஒதுக்கியது.

வாங்கியது இரண்டு லைன். ஸ்டார்ச்சுக்கு லீன் ஃபேஸ். அதாவது நிறையக் காற்று, கொஞ்சம் தூள், அதிக வேகம். ரூட்ஸ் ப்ளோயர் காற்றை அனுப்பும், ரோட்டரி வால்வு தூளை அதில் இறக்கும், 100 மி.மீ. குழாயில் 85 மீட்டர் கிடையாகவும் 14 மீட்டர் செங்குத்தாகவும் பறந்துபோய், தூளைச் சேமிக்கும் உயரமான தொட்டியான சைலோவின் தலையில் உள்ள ஃபில்டர் பெட்டியில் இறங்கும். மணிக்கு 4 டன். குவார்ட்ஸுக்கு டென்ஸ் ஃபேஸ். ஒரு அழுத்தக் கலத்தில் தூளை நிரப்பி, மூடி, கம்ப்ரஸர் காற்றை ஏற்றினால் தூள் பறக்காமல் கட்டிகட்டியாக, மணல்மேடு நகர்வதுபோலக் குழாய்க்குள் தள்ளப்பட்டுப் போகும். காற்று குறைவு, அழுத்தம் அதிகம், வேகம் குறைவு. குவார்ட்ஸ் குழாயை அறுக்கும் என்பதால் மெதுவாகப் போவதுதான் அதற்கு நல்லது. இந்தத் தேர்வு சரியானது. இதைச் சொல்லிக்கொடுத்தது சப்ளையரின் டிசைன் ஆள்தான், அவருக்கு நன்றி.

முதலில் ஸ்டார்ச் லைன்.

ரோட்டரி வால்வு அருமையான பொருள். 8 இதழ் ரோட்டார், இதழுக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி 0.2 மி.மீ.க்குள், இரண்டு பக்கமும் எந்த நேரமும் குறைந்தது இரண்டிரண்டு இதழாவது உடலை ஒட்டி நிற்கும். ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் போகாமல் தடுக்க இந்த அளவுகள் தேவை. அதற்கான சான்றிதழும் கையோடு வந்தது. 18 மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் திறந்தோம். அதுவும் உள்ளே எவனோ விட்ட ஸ்பேனருக்காக. எவன் என்று தெரியும், சொல்லமாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது சூடு. ரூட்ஸ் ப்ளோயர் காற்றை அமுக்கும்போது காற்று கொதிக்கும். எங்கள் லைனில் அரை பாருக்கு (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) சற்று மேல் அழுத்தத்தில் ப்ளோயரை விட்டு வரும் காற்று 90 டிகிரியைத் தொட்டது. அந்தச் சூட்டில் ரோட்டார் விரியும்; 0.2 மி.மீ. என்பது எவ்வளவு சின்ன இடைவெளி என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டார்ச்சும் சூடான உலோகத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர் கூலர் சப்ளையரின் ஆஃபரில் ‘விருப்பப்பட்டால்’ என்று தனி வரியாக இருந்தது. செலவைக் குறைக்க எங்கள் ஆட்கள் அதை அடித்துவிடப் பார்த்தார்கள். நான் சண்டை போட்டு வைக்கச் சொன்னேன். ஆஃபரில் அது விருப்பமாக இருந்திருக்கவே கூடாது.

இனிதான் கதை.

முதல் ஆறு மாதம் லைன் நன்றாக ஓடியது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக ஓடியது. கமிஷனிங் செய்த, அதாவது லைனை முதலில் ஓட்டி அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் ப்ளோயரின் மோட்டார் வேகத்தை 50 ஹெர்ட்ஸில், மணிக்கு 1,200 கன மீட்டர் காற்றில் வைத்துவிட்டுப் போனார். அடைப்பே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இரண்டு விஷயம் உறுத்தியது. ஃபில்டர் பைகள் சீக்கிரம் கறுத்து இறுகின. சைலோவில் இறங்கும் ஸ்டார்ச்சும் பையில் வந்ததைவிட மென்மையாக, பவுடர் பூசினதுபோல வந்தது. மிக்ஸர் ஆள், “அண்ணே, சரக்கு மாத்திட்டாங்களா?” என்று கேட்டான். மாற்றவில்லை. நாங்கள்தான் வழியில் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தோம்.

கணக்கு எளியதுதான். யாரும் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே. 1,200 கன மீட்டர் காற்று 0.55 பார் அழுத்தத்தில் 100 மி.மீ. குழாய்க்குள் நுழையும்போது வினாடிக்கு 27 மீட்டர் வேகம். போகப்போக அழுத்தம் குறையும், காற்று விரியும், வேகம் கூடும். கடைசி பெண்டில், அதாவது குழாய் வளைவில் 42 மீட்டர். அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்டார்ச் நேராக ஒரு இரும்பு வளைவில் மோதுகிறது.

சர்வீஸுக்குப் புகார் எழுதினேன். முதலில் வந்த தம்பி பைகளை மாற்றச் சொன்னார். இரண்டாவது வந்தவர் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். கையில் டிஜிட்டல் கேஜ் ஒன்று, பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று. வந்ததும் பேனல் பக்கம் போகவில்லை. என்னிடம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். நான் 19 வருடமாகச் செய்வது அதுதான். இன்னொருவர் செய்து பார்த்ததில்லை. “சார், குழாய் கத்துது. இவ்வளவு காத்து எதுக்கு?” என்றார்.

அன்று மதியம் முழுக்க ஒரே வேலை. தூள் அளவை மாற்றாமல் ப்ளோயரை 2 ஹெர்ட்ஸ் 2 ஹெர்ட்ஸாக இறக்கினோம். ஒவ்வொரு படியிலும் 15 நிமிடம் விட்டு அழுத்தத்தை எழுதினோம். காற்றைக் குறைக்கக் குறைக்க அழுத்தமும் குறைந்துகொண்டே வந்தது. பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்று குறைந்தால் குழாய் திணறும், அழுத்தம் ஏறும் என்று. ஏறும், ஆனால் ஒரு புள்ளிக்குப் பிறகு. அதுவரை இறங்கும், பிறகு ஏறும். அந்தத் திரும்பும் இடத்துக்குக் கீழே போனால் தூள் பறக்க முடியாமல் குழாயின் அடியில் படிய ஆரம்பிக்கும். எங்களுக்கு 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முள் திரும்பியது. அவர் 36ல் நிறுத்தினார். காற்று 1,200 இருந்தது 860 ஆயிற்று, அழுத்தம் 0.42 பார், நுழையும் வேகம் 21, முடியும் வேகம் 30. டன் கணக்கில் ஒரு கிலோ குறையவில்லை. ப்ளோயர் குடிக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதி. பைகள் இப்போது இரட்டிப்பு நாள் வருகின்றன.

இதை முதல் நாளே செய்திருக்கலாம். அரை நாள் வேலை. கமிஷனிங் இன்ஜினியர்கள் ஏன் காற்றைத் தூக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது: அடைத்துக்கொண்டால் அவர்களுக்கு போன் வரும், தேய்ந்தால் வாரண்டி முடிந்த பிறகு எங்களுக்கு வரும்.

பிறகு எங்களுக்கும் பேராசை வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த அம்மா போன மூன்றாவது வாரம், இன்னும் கொஞ்சம் மிச்சப்படுத்தலாமே என்று இரவு ஷிஃப்டில் ஒருவர் 28க்கு இறக்கினார். ஒன்றரை மணி நேரம் ஓடியது. பிறகு போன்: “அண்ணே, லைன் பேசலை.” போய்ப் பார்த்தால் 40 மீட்டர் தள்ளி, செங்குத்துக் குழாய் ஆரம்பிக்கும் பெண்டுக்கு முன்னால் கல்போல அடைத்திருந்தது.

அந்த ராத்திரி நடந்ததை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகை லைனில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். ப்ளோயரை நிறுத்தியாயிற்று. பேனலில் அழுத்தம் பூஜ்ஜியம் காட்டியது. ஒருவர் அடைப்புக்குப் பக்கத்தில் குழாய்களைச் சேர்க்கும் கப்ளிங்கைக் கழற்றப் போனார். நான் கத்தி நிறுத்தினேன். பேனலில் காட்டுவது ப்ளோயர் பக்கத்து அழுத்தம். ஒரே குழாயில் இரண்டு அடைப்பு விழுந்தால் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று அங்கேயே இருக்கும். எந்தக் கேஜுக்கும் தெரியாது. கப்ளிங் தளர்ந்த நொடியில் குழாய் துள்ளும், தூள் முகத்தில் அடிக்கும். அது ஸ்டார்ச், பக்கத்தில் சூடான விளக்கு இருந்தால் அதற்கு மேலும். எங்கள் லைனில் மூன்று இடத்தில், மாட்டிய காற்றை வெளியே விடும் சிறு ப்ளீட் வால்வு இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தோம். இரண்டாவதில் சீறிக்கொண்டு காற்று வந்தது. அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்த ப்ளீட் வால்வுகள் சப்ளையர் கொடுத்தவை. அதற்காக அரை மதிப்பெண் கூட்டியே போட்டிருக்கிறேன்.

அடைப்பை எடுக்க ஐந்து மணி நேரம். சுத்தியலால் குழாயைத் தட்ட விடவில்லை. தட்டினால் தூள் இறங்கும், உண்மைதான். கூடவே குழாய் பள்ளம் விழும், அடுத்த அடைப்பு சரியாக அந்தப் பள்ளத்திலேயே ஆரம்பிக்கும். இப்போது பேனலில் 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்க முடியாதபடி பூட்டு போட்டுவிட்டோம்.

குவார்ட்ஸ் லைனுக்கு வருகிறேன். இங்கே நடந்தது வேறு கூத்து.

பத்தாவது வாரம், சைலோ கூரையில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பறவை எச்சம் என்று நினைத்தேன். ஏறிப் பார்த்தால் கடைசி பெண்டின் வெளிவளைவில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை. அதன் வழியாக நாலைந்து நாளாக அரைத்த குவார்ட்ஸ் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. அதன் நுண்தூசியை, வேலையிடத்தில் மூச்சில் போகும் நிலையில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணமாகாது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் படிவு உண்மையில் அபாயம் குறைந்த பகுதி. உள்ளே போவது கண்ணுக்கே தெரியாத நுண்துகள். கூரையைப் பெருக்க விடவில்லை. தண்ணீர் தெளித்து, நுண்வடிகட்டி வைத்த வேக்குவத்தால் எடுத்தோம். மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டுகிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன். தாடி வைத்திருந்த இரண்டு பேர் கீழேயே நின்றார்கள்.

ஏன் கடைசி பெண்டு? மறுபடியும் அதே காற்று விரியும் கணக்குதான், இங்கே இன்னும் பெரிதாக. குழாய் தொடங்கும் இடத்தில் 3 பார். வளிமண்டலத்தையும் சேர்த்தால் 4. முடியும் இடத்தில் 1. அதே காற்று நாலு மடங்கு விரிகிறது. குழாய் அகலம் ஒரே மாதிரி இருந்தால் 5 மீட்டர் வேகத்தில் கிளம்பியது 20 மீட்டராகப் போய்ச் சேரும். பேருக்குத்தான் அது டென்ஸ் ஃபேஸ். கடைசி முப்பது மீட்டரில் மணல் வீச்சு. தேய்மானம் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஐந்தாறு மடங்கு. சர்வீஸுக்கு போன் செய்தபோது கிடைத்த முதல் பதில் என்ன தெரியுமா? “ஓட்டையால அழுத்தம் குறையுது, பேட்ச் அடிச்சிட்டுக் காத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க.” கூட்டினோம். பேட்ச் மூன்று வாரம் வந்தது.

தீர்வு குழாயைப் படிப்படியாக அகலமாக்குவது. கடைசி 30 மீட்டரை 100 மி.மீ.யிலிருந்து 125க்கு மாற்றினோம். குழாயின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. முடியும் வேகம் 20 இருந்தது 13க்குள் வந்துவிட்டது. கடைசி இரண்டு பெண்டுக்கு உள்ளே அலுமினா செராமிக் பூச்சு. இந்த மாற்றத்துக்குப் பின் ஒன்பது மாதம் ஆகிறது. அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து மாதாமாதம் பெண்டின் தடிமன் பார்க்கிறேன், சொல்லும்படி எதுவும் குறையவில்லை. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் துறையில் பாடப்புத்தக அறிவு. முதல் வரைபடத்திலேயே 125 வந்திருக்க வேண்டும். ஒரே அளவுக் குழாயை மொத்தமாக வாங்குவது அவர்களுக்கு வசதி என்று நினைக்கிறேன். மாற்றியதற்குப் பணம் யார் கொடுப்பது என்பதில் இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் பாதிப் பாதி.

டென்ஸ் ஃபேஸ் கலத்தின் மேலே உள்ள டோம் வால்வைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. பாதிக்கோளம்போல ஒரு மூடி, விழுந்துகொண்டிருக்கும் தூளைக் கிழித்துக்கொண்டு மூடும். மூடிய பிறகு சுற்றியுள்ள ரப்பர் சீல் காற்றால் உப்பி இறுக்கிக்கொள்ளும். சீலின் காற்று எப்போதும் கலத்தின் அழுத்தத்தைவிட அதிகம் இருக்க வேண்டும். அது குறைந்தால் இடுக்கில் குவார்ட்ஸ் சீறி ஒரே நாளில் ரப்பரை அறுத்துவிடும். அதைப் பார்க்க ஒரு பிரஷர் ஸ்விட்ச் வைத்து, அழுத்தம் வரவில்லை என்றால் அடுத்த சுற்று தொடங்காதபடி செய்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

இனி எனக்கு இன்றும் கோபம் தணியாத விஷயம். இது மீண்டும் ஸ்டார்ச் லைன்.

குழாய்கள் 6 மீட்டர் துண்டுகள். சேர்ப்பது கப்ளிங். கப்ளிங்கின் உள்ளே ரப்பர் ஸ்லீவ். ரப்பர் மின்சாரம் கடத்தாது. அதனால் ஸ்லீவின் குறுக்கே ஒரு சிறு உலோகப் பட்டை வைத்து இரண்டு குழாயையும் மின்முறையில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் உள்ள துண்டு தரையோடு தொடர்பில்லாமல் தொங்கும். உலர்ந்த தூள் வேகமாக உரசிக்கொண்டு போகும்போது அந்தத் துண்டில் மின்னேற்றம் சேர்ந்துகொண்டே போகும்.

ஒருநாள் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி கையை உதறினான். “அண்ணே, குழாய் கடிக்குது.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைனை நிறுத்தி, மீட்டரை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். 28 இணைப்பில் 9ல் மீட்டர் முள்ளே நகரவில்லை. பட்டையே வைக்காமல் இறுக்கியிருந்தார்கள். பட்டைகள் எங்கே போயின என்றால், பேனலுக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில், பிரிக்கப்படாமல்.

கணக்கைச் சொல்கிறேன். தனித்து நிற்கும் அப்படி ஒரு குழாய்த் துண்டின் மின்தேக்கம் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 20,000 வோல்ட் ஏறும்போது சேரும் ஆற்றல் 20 மில்லிஜூல். எங்கள் ஸ்டார்ச் மாதிரியைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில், அது பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் 30 மில்லிஜூல் பக்கம் வந்தது. இரண்டும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். இன்னும் கொஞ்சம் வோல்ட் ஏறியிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

‘மூடிய குழாய்தானே, வெளியே தூசி இல்லை, பிறகு என்ன’ என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2008 பிப்ரவரி 7, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த். இம்பீரியல் சுகர் ஆலை. 14 பேர் இறந்தார்கள். சைலோக்களுக்கு அடியில் ஓடிய பெல்ட்டின் மீது மேலிருந்து அழுக்கு விழக்கூடாது என்று அதற்கு முந்தைய வருடம் இரும்புத் தகட்டால் மூடினார்கள். தூசியை இழுத்து வெளியேற்ற வழி வைக்கவில்லை. மூடிய இடத்தில் தூசி வெடிக்கும் அளவுக்குச் சேர்ந்தது. முதல் வெடிப்பு அங்கே. பிறகு தளங்களிலும் உத்திரங்களிலும் வருடக்கணக்காகப் படிந்திருந்த சர்க்கரைத் தூசி எழும்பி அடுத்தடுத்து வெடித்தது. கட்டடத்தைத் தின்றது அந்தப் படிவுதான். எனக்கு எங்கள் பழைய உத்திரம் ஞாபகம் வந்தது.

ஆகவே பட்டைகளை நம்பாமல், எல்லா இணைப்புக்கும் வெளியே கண்ணுக்குத் தெரியும்படி செம்புப் பின்னல் ஜம்பர் போட்டோம். எண் எழுதினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுகிறோம். குழாயை எதற்காகக் கழற்றினாலும் மறுபடி அளக்காமல் ஓட்டக்கூடாது. சப்ளையர் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள், கூடவே ஒரு பெட்டி நிறையப் பட்டைகள். பொருத்திய ஆட்கள் துணை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றார்கள். இருக்கட்டும், கையெழுத்து யாருடையது?

வெடிப்புப் பாதுகாப்பில் மற்றவை ஒழுங்காகவே இருந்தன, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. இந்த லைனில் எனக்குப் பயமுள்ள இடம் ஃபில்டர் பெட்டி. பை மீது பல்ஸ் காற்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு தூசி மேகம் எழுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 60 கிராம் போல ஸ்டார்ச் மிதந்தாலே போதும், பொறி பட்டால் வெடிக்கும். பெட்டியின் பக்கவாட்டில் வென்ட் பேனல் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறினால் அது முதலில் கிழிந்து தீயை வெளியே, ஆள் நடமாடாத பக்கம் துப்பும். பேனலில் ஒரு சென்சார். அது கிழிந்தால் ப்ளோயரும் ரோட்டரி வால்வுகளும் அந்த நொடியே நிற்கும். வால்வு நிற்பது முக்கியம். சுற்றிக்கொண்டே இருந்தால் எரியும் தூளை அதுவே சைலோவுக்குள் இறக்கிவிடும். பெட்டியின் பைகள் கார்பன் நூல் கலந்த, மின்னேற்றத்தைத் தரையிறக்கும் வகை. மாற்றும்போது இதே வகையை வாங்க வேண்டும். பர்சேஸ் பிரிவு ஒருமுறை சாதாரணப் பாலியெஸ்டர் பையை வாங்கி வைத்தது, திருப்பி அனுப்பினேன். வென்ட் பேனலுக்கு எதிரே யாரோ சைக்கிள் நிறுத்த ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே மஞ்சள் கோடும் வேலியும் இருக்கின்றன.

மற்றவை வேகமாக. பேனல் திரை புரியும்படி இருக்கிறது; எழுத்து மட்டும் சிறிது. மூட்டையைக் கொட்டும் மேசையில் தூசி இழுப்பு நன்றாக வேலை செய்கிறது, அங்கே நிற்பவர்கள் இதற்காகவே இந்த சிஸ்டத்தை விரும்புகிறார்கள். ப்ளோயர் சத்தம் உறையோடும் அதிகம்தான். கம்ப்ரஸர் காற்றுக்கு டிரையர் அவசியம். எங்கள் டிரையர் பழுதான இரண்டு நாளில் குவார்ட்ஸ் கலத்தின் அடிப்பாகத்தில் காற்று ஊடுருவும் துணி ஈரத்தூளால் அடைத்துப்போயிற்று. கையேடு 340 பக்கம். அதில் எங்கள் லைனைப் பற்றியது 20 பக்கம் தேறும். சைலோ உயர்நிலை ஸ்விட்ச் ஒன்றுதான் கொடுத்தார்கள், நான் இன்னொன்று சேர்த்தேன். சைலோ நிரம்பியது தெரியாமல் ஊதிக்கொண்டே இருந்தால் பையெல்லாம் புதைந்து மூச்சு முட்டி, அழுத்தம் சைலோவின் கூரையைத் தூக்கும்.

வாங்கப் போகிறவர்கள் என்னிடம் போனில் கேட்பது ‘எத்தனை டன் இழுக்கும்’ என்பது. எத்தனை டன் வேண்டுமானாலும் இழுக்கும். குழாயின் தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் என்ன என்று கேளுங்கள். இரண்டு எண்ணையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த வரைபடத்தில் யாரும் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். உங்கள் தூளை, உங்கள் ஆலையிலிருந்தே ஒரு டிரம் எடுத்து, அவர்களுடைய சோதனைக் குழாயில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘ஸ்டார்ச்தானே, ஓட்டியிருக்கிறோம்’ என்பது பதில் இல்லை. துகள் அளவும் ஈரமும் மாறினால் அது வேறு சரக்கு. இணைப்புகளின் எர்த் அளவை எண் வாரியாக எழுதிய தாள் இல்லாமல் ஒப்படைப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன். உத்திரத்தில் இப்போது விரலால் இழுத்தால் கோடு விழுவதில்லை. பழைய எலிவேட்டரைப் பிரித்து விற்ற நாளில் எங்கள் பிரிவில் ஒருவரும் வருத்தப்படவில்லை.

சர்வீஸ் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சேர்க்கை: டோம் வால்வின் ரப்பர் சீல் போன மாதம் முதல்முறையாகக் கிழிந்தது. கையிருப்பில் இருந்ததைப் போட்டுவிட்டு, புதியது ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். வந்து சேர ஏழு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. நான் அந்த அம்மாவுக்கே போன் போட்டேன். நாலாவது நாள் கூரியரில் வந்தது. பெட்டிக்குள் சீலோடு அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: “36லயேதான் ஓடுதா?”